பெவர்லி ஹிண்டிலின் முப்பது நிமிடம்

இளம் கான்ஸ்டபிள் கானர் ஆஸ்பினாலின் படம் உள்ளூர்ப் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் வந்த வியாழக்கிழமை, ஊரார் பெவ் என்று கூப்பிடும் பெவர்லி ஹிண்டில் அந்தப் பத்திரிகையில் இரண்டு பிரதி வாங்கினாள். ஒன்று அவள் கணவன் கீத் பார்ப்பதற்கு. இன்னொன்று எதற்கு என்று கடையை விட்டு வெளியே வந்த பிறகும் அவளுக்குத் தெரியவில்லை.

படத்தில் கானர் இடுப்பளவு வளர்ந்த கஞ்சாச் செடிகளுக்கு நடுவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். டானர் தெருவின் பழைய கார் கொட்டகையில் நூற்றுப்பத்துச் செடிகள். கதவை உடைத்தவன் அவன். கைது செய்தவனும் அவன். ஆனால் பனி கொட்டிய அந்த ஜனவரிக் காலையில், தெருவின் எல்லாக் கூரையும் வெள்ளையாக இருக்க, அந்த ஒரு கூரை மட்டும் ஈரமாகக் கறுத்துக் கிடந்ததைப் பார்த்து நின்றவள் பெவ். உள்ளே செடி வளர்க்க ராப்பகலாக விளக்கு எரிகிறது, அந்தச் சூட்டில்தான் பனி உருகுகிறது என்று கணித்து, நிலையத்துக்கு ஓடி, கையுறையைக் கழற்றவும் மறந்து இரண்டு விரலால் கணினியில் தட்டிப் பதிந்தவள் அவள்தான். செய்தியில் "கிடைத்த தகவலின் பேரில்" என்று மூன்று வார்த்தை இருந்தது. அந்த மூன்று வார்த்தைதான் பெவ்.

"படம் நல்லா வந்திருக்கே," என்றான் கீத், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

"மூக்கு பெருசா தெரியுது," என்றாள் பெவ்.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளை மேய்க்கும் வேலையில் இருந்தவள், ஆல்டன்ஷா காவல் நிலையத்தில் சமூகத் துணைக் காவலராகச் சேர்ந்து பதினைந்து வருடம் ஆகிறது. தொப்பியைச் சுற்றி நீலப் பட்டை. தோளில் நீண்ட பெயர்ப்பலகை. கைவிலங்கு கிடையாது, தடி கிடையாது, கைது செய்யும் அதிகாரம் கிடையாது. கால்வாய்க்கு இந்தப் பக்கம் இருக்கும் பதினாறு தெருக்களும் அவள் நடை. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பையன்கள் அவளைக் கண்டால், "பிளாஸ்டிக் போலீஸ் வருதுடோய்!" என்று குரல் கொடுப்பார்கள். அவளும் விடமாட்டாள். "பிளாஸ்டிக்னா லேசுல அழியாதுடா. உங்கம்மாகிட்ட வந்து சொல்லட்டுமா, நீ பள்ளிக்கூடம் போகலன்னு?" என்பாள். அந்தப் பையனின் அம்மாவையும் சின்ன வயதில் அவள்தான் மதியச் சாப்பாட்டு வரிசையில் கஞ்சி போல அவிந்த காரட்டைத் தின்ன வைத்தவள்.

கான்ஸ்டபிள் ஆக அவள் முயலாமல் இல்லை. இரண்டு முறை எழுதிப் போட்டாள். முதல் முறை ஓட்டத் தேர்வு. ஒலி எழுப்பும் கருவிக்கு ஈடுகொடுத்து இரண்டு கோடுகளுக்கு இடையே முன்னும் பின்னும் ஓட வேண்டும். கடைசி மூன்று ஒலிக்கு முழங்கால் மறுத்துவிட்டது. இரண்டாம் முறை ஓடி முடித்தாள். நேர்காணலில் ஒருவர், "சவாலான ஒரு சூழலில் நீங்கள் தலைமையேற்ற அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டார். தினமும் செய்வதை எப்படி ஓர் அனுபவம் என்று தனியாகப் பிரித்துச் சொல்வது? அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள். நேரம் முடிந்துவிட்டது.

கானர் அவளோடு துணைக் காவலராக ஒன்றரை வருடம் நடந்தவன். எந்த வீட்டு நாய் குரைத்துவிட்டுப் போகும், எது குரைக்காமல் கடிக்கும், எந்த வாசற்கதவை உள்ளே தள்ளாமல் மேலே தூக்கித் திறக்க வேண்டும் என்பதெல்லாம் அவள் காட்டிக்கொடுத்தது. பிறகு அவன் விண்ணப்பித்தான். ஒரே முறை. எடுத்துவிட்டார்கள்.

அந்த நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒரு காரியத்தை முதன்முதலாகச் செய்தால் எல்லோருக்கும் கேக் வாங்கி வர வேண்டும். முதல் கைது, முதல் நீதிமன்ற சாட்சி, வண்டியை முதலில் இடித்தது, எல்லாவற்றுக்கும். கானர் தன் முதல் கைதுக்குப் பெட்ரோல் பங்கில் விற்கும் நெகிழித் தட்டுக் கேக்கை வாங்கி வந்து வைத்தான். "ஏண்டா, சந்தையில அவ்வளவு நல்ல பேக்கரி இருக்கு, இதையா வாங்கிட்டு வந்த?" என்று எல்லோரும் கேலி செய்தார்கள். பெவ் ஒரு துண்டு எடுத்தாள். பதினைந்து வருடத்தில் அவள் தின்ற முப்பத்தெட்டாவது முதல் கைது அது. அவள் எண்ணி வைத்திருந்தாள். எண்ணாமல் இருந்திருக்கலாம் என்று பல முறை நினைத்திருக்கிறாள். முடியவில்லை.

பிப்ரவரியில் தலைமைக் காவல் அதிகாரியின் கடிதம் வந்தது. ஆல்டன்ஷா உட்பட மூன்று ஊர்களில் துணைக் காவலர்களுக்குப் புதிய அதிகாரம். தவறு செய்ததாகச் சந்தேகப்படும் ஒருவரிடம் பெயரும் முகவரியும் கேட்டு, அவர் மறுத்தாலோ பொய் சொன்னாலோ, கான்ஸ்டபிள் வந்து சேரும்வரை முப்பது நிமிடம் நிறுத்தி வைக்கலாம். தடுத்த கணமே காவல் வானொலியில் கட்டுப்பாட்டறைக்குத் தெரிவிக்க வேண்டும். முப்பது நிமிடம் தாண்டினால் போக விட வேண்டும்.

சாப்பாட்டு அறையில் பேச்சு சூடாக இருந்தது.

"அரை போலீஸுக்கு முக்கால் அதிகாரமா?" என்றார் ஸ்டூவர்ட். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும் கான்ஸ்டபிள். சொல்லிவிட்டுப் பெவ்வைப் பார்த்து, "உன்னைச் சொல்லலம்மா," என்றார்.

"வேற யாரைச் சொன்னீங்க? இங்க நான் ஒருத்திதானே நீலப் பட்டையோட உக்காந்திருக்கேன்," என்றாள் பெவ். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டூவர்ட்டும் சிரித்தார். அவர் சொன்னது அவளைத் தைக்கவில்லை.

தைத்தது கானர் சொன்னது. "குடுக்கட்டுமே. பெவ் மாதிரி ஆளுங்க பிடிச்சு வெச்சா எங்க வேலை பாதி குறையும். நாங்க போய் அள்ளிட்டு வந்தா போதும்."

அவன் நல்லெண்ணத்தில்தான் சொன்னான். அது அவளுக்கும் தெரியும். நான் பிடித்து வைக்க வேண்டும், நீ வந்து அள்ள வேண்டும். அவள் தேநீர்க் கோப்பையை ஒரு முறைக்கு இரண்டு முறை அலசிக் கவிழ்த்தாள். இந்தக் கோபம் நியாயமா? அவனைப் பார்த்தா, தன்னைப் பார்த்தா, அந்த முழங்காலைப் பார்த்தா, யார் மேல் இது? விடை கிடைக்காத கேள்வியை அவள் பேருந்தில் வீடுவரை கொண்டுபோனாள்.

இரண்டு நாள் பயிற்சி முடிந்து புது அட்டை வந்தது. அவள் படம், அவள் எண், பின்பக்கம் அதிகாரங்களின் பட்டியலில் புதிதாக ஒரு வரி. கீத்திடம் காட்டினாள். அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்துவிட்டு, "என்னையும் அரை மணி நிறுத்தி வைப்பியா?" என்று கேட்டான்.

"உன்னை இருபத்தாறு வருஷமா நிறுத்தி வெச்சிருக்கேன். எவனும் வந்து கூட்டிட்டுப் போகல," என்றாள்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அது நடந்தது.

வீடு வீடாகப் பொட்டலம் கொடுக்கும் வண்டியின் பின்னாலேயே போய் வாசற்படியில் வைத்ததைத் தூக்கும் ஒருவன் இரண்டு வாரமாக ஊரில் சுற்றிக்கொண்டிருந்தான். மதியம் இரண்டரைக்கு மேல் பெவ் டானர் தெருவில் திரும்பியபோது, பெர்சி கிரிம்ஷாவின் வாசலிலிருந்து சாம்பல் நிறச் சட்டைக்காரன் ஒருவன் இறங்கினான். தோள்பையிலிருந்து அட்டைப்பெட்டியின் மூலை நீட்டிக்கொண்டிருந்தது. பெர்சி முப்பது வருடம் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் வாசலில் பொட்டலத்தைப் போட்டுவிட்டுப் போகும் ஆட்களை அவருக்குப் பிடிக்காது. எடுத்துக்கொண்டு போகும் ஆளையும் பிடிக்க வாய்ப்பில்லை.

"நில்லுங்க கொஞ்சம்," என்றாள் பெவ். "பை கனமா இருக்கு போலிருக்கே. பேரு?"

"டேவிட் ஸ்மித்."

"வீடு?"

"இதே தெருதான். அம்பத்திரண்டு."

பெவ்வுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "தம்பி, இந்தத் தெரு நாப்பத்தாறோட முடியுது. அதுக்கப்புறம் கால்வாய். அம்பத்திரண்டுல நீங்க இருக்கணும்னா மீனாத்தான் இருக்கணும்."

அவள் பயிற்சியில் மனப்பாடம் செய்த வாசகத்தைச் சொன்னாள். குரல் நடுங்காமல் வந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது. சொல்லி முடித்து மணி பார்த்தாள். இரண்டு நாற்பது.

கை வானொலிக்குப் போனது. பொத்தானில் விரல் வைத்தாள். பிறகு எடுத்தாள்.

கானர் மூன்று மணிவரை பணியில் இருந்தான். அவன் வண்டி கடைத்தெருப் பக்கம் நிற்கும். கூப்பிட்டால் மூன்று நிமிடத்தில் வந்துவிடுவான். வருவான், கைவிலங்கு மாட்டுவான், அள்ளிக்கொண்டு போவான். மூன்று மணிக்கு ஸ்டூவர்ட் வந்துவிடுவார். பேச்சில் என்ன சொன்னாலும் அவர் அறிக்கை எழுத உட்கார்ந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீ சொல்லு, நான் எழுதறேன்," என்பார். அறிக்கையில் அவள் பேரும் வரும். கானரும் பணி முடியப் பத்து நிமிடத்துக்கு முன்பே வண்டியை நிலையத்துக்குத் திருப்பிவிடுவான். அவன் பழக்கம் அவளுக்குத் தெரியும். அவள்தான் அவனைப் பழக்கினாள். இன்னும் கொஞ்ச நேரம். அதன் பிறகு கூப்பிட்டால் போதும்.

அவள் கூப்பிடவில்லை.

உள்ளிருந்து பெர்சி கதவைத் திறந்தார். "பெவ், அது என் காலுறையா?"

"என்ன காலுறை?"

"ரத்த ஓட்டத்துக்கு. மருத்துவர் போட்டுக்கச் சொன்னது. முழங்கால் வரைக்கும் இறுக்கிப் பிடிக்கும். மூணு வாரமா காத்திருக்கேன்." அவர் சாம்பல் சட்டைக்காரனை ஏற இறங்கப் பார்த்தார். "நீ இதை வெச்சு என்ன பண்ணப் போற? உன் காலு நல்லாத்தானே இருக்கு?"

அவன் தரையைப் பார்த்தான். பெர்சி உள்ளே போய் மூன்று கோப்பைத் தேநீர் கொண்டுவந்தார். ஒன்றைத் திருடனுக்கும் நீட்டினார்.

"சர்க்கரை?"

"ரெண்டு," என்றான் அவன்.

மூன்று பேரும் வேலியோரமாக நின்று தேநீர் குடித்தார்கள். தூறல் விழுந்தது. பெவ் அவனோடு பேச்சுக் கொடுத்தாள், எங்கிருந்து வருகிறாய், எத்தனை நாளாய் என்று. அவன் தேநீரை ஊதிக்கொண்டிருந்தான். அவள் கண் மணிக்கட்டை விட்டு நகரவில்லை. இரண்டு நாற்பத்தேழு. இரண்டு நாற்பத்தொன்பது.

"யாரையும் கூப்பிடலையா கண்ணு?" என்றார் பெர்சி. "நான் தண்ணி கொதிக்க வெச்சு, தேநீர் போட்டு, குடிச்சும் முடிச்சுட்டேன்."

"கூப்பிடுவேன்," என்றாள் பெவ். தன் முகம் சூடாவது தெரிந்தது.

இரண்டு ஐம்பத்துநாலுக்கு மார்பில் இருந்த கேமராவை அழுத்தி ஓடவிட்டு, வானொலியை எடுத்தாள். கட்டுப்பாட்டறைக்காரி கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். "ஹிண்டில், இப்போ வெளியே எந்த வண்டியும் இல்ல. காலைக் குழு உள்ளே வந்துட்டாங்க. அடுத்த குழுவுக்கு மூணே காலுக்குத்தான் கூட்டம் முடியும். எப்போ நிறுத்தினீங்க?"

மூன்றே கால். அவள் ஸ்டூவர்ட் வரும் நேரத்தைக் கணக்கிட்டாளே தவிர, பணி தொடங்கும் கூட்டத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. அவள் அந்தக் கூட்டத்தில் பதினைந்து வருடம் உட்கார்ந்தவள்.

"கொஞ்ச நேரம் முன்னாடி," என்றாள்.

சாம்பல் சட்டைக்காரன் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தான். "ரெண்டு நாப்பது," என்றான் மெதுவாக. "நீங்க கடிகாரத்தைப் பாத்ததை நானும் பாத்தேன். பக்கத்து ஊர்லயும் இந்த அட்டை வந்திருக்கு அக்கா. அரை மணிதானே?"

மூன்று மணி. மூன்று ஐந்து. தூறல் வலுத்தது. அவள் எதையாவது சொல்லி அவனை நிற்க வைக்கப் பார்த்தாள். காலுறையைத் திருப்பிக் கொடுத்தால் மன்னிப்பார்கள், உண்மைப் பெயரைச் சொல்லு, என்றாள். அவன் கோப்பையைப் பெர்சியின் ஜன்னல் விளிம்பில் பத்திரமாக வைத்தான். மூன்று பத்து ஆனதும், "தேநீருக்கு நன்றிங்க தாத்தா," என்று பெர்சியிடம் சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தான். பெவ் கையை நீட்டினாள். பிறகு தாழ்த்திக்கொண்டாள். நிறுத்துவதற்கு அவளுக்கு இனி அதிகாரம் இல்லை.

"அட, போக விடறியா?" என்று கத்தினார் பெர்சி. "என் காலுறை!"

தெருமுனையில் ஒருவன் ஓடி வருவது தெரிந்தது. சீருடைச் சட்டைக்கு மேல் சொந்த ஜாக்கெட், ஒரு காலணியின் கயிறு அவிழ்ந்து மண்ணில் புரண்டது. கானர். உடை மாற்றும் அறையில் வானொலி கேட்டு, கார் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால் ஓடியே வந்திருக்கிறான். சாம்பல் சட்டைக்காரன் கால்வாய்ப் பக்கம் திரும்பினான். அந்தப் பக்கம் வழி இல்லை என்பது கானருக்குத் தெரியும். அதைச் சொல்லிக் கொடுத்தவள் பெவ்.

மூன்று பன்னிரண்டுக்குக் கைது.

"எப்படிப் பிடிச்சீங்க பெவ்! அருமை!" என்றான் கானர், மூச்சு வாங்க. அவன் முகம் முழுவதும் மகிழ்ச்சி. பெவ்வுக்கு அந்த முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நிலையத்தில் அவள் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கானர் எதிரே வந்து உட்கார்ந்தான். அவனுடைய அறிக்கைக்கு அவளுடைய நேரம் வேண்டும்.

"எப்போ நிறுத்தினீங்க?"

அவள் குறிப்பேட்டை மேசையில் நேராக்கி வைத்தாள். அவன் கேமராப் பதிவைப் பார்த்திருந்தான். அது இரண்டு ஐம்பத்துநாலில்தான் தொடங்குகிறது. வானொலியும் அதே நேரம். அவன் முட்டாள் இல்லை. அவள் பார்வையைப் பார்த்தான், வெற்றுப் பக்கத்தைப் பார்த்தான், குரலைத் தாழ்த்தினான்.

"ரெண்டு ஐம்பத்திரண்டுன்னு போடுங்க பெவ். பேசினீங்க, பேர் கேட்டீங்க, பொய்யின்னு தெரிஞ்சதும் நிறுத்தினீங்க, கூப்பிட்டீங்க. அவ்வளவுதான். அந்தத் திருட்டுப்பயல் பேச்சை எவன் நம்பப்போறான்? பெர்சிக்கு மணியே தெரியாது. யாருக்கும் தெரிய வேண்டாம். நான் சொல்லமாட்டேன்."

ஏன் தாமதம் என்று அவன் கேட்கவில்லை. மறந்திருப்பாள், பதறியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான் போலும். அவளுக்காக வருந்தினான். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. இனி அந்த அட்டையை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அது கானர் விட்டுக்கொடுத்தது என்று அவளுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பதும் தெரியும். அவன் கேக் வாங்கச் சொல்லிக் கேலி செய்வான், அவள் சிரிக்க வேண்டியிருக்கும்.

அவள் பேனாவை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாக, எழுதினாள்: நிறுத்திய நேரம், இரண்டு நாற்பது. வானொலியில் தெரிவித்த நேரம், இரண்டு ஐம்பத்துநாலு.

"பெவ்!" என்றான் கானர். "ஏன்? நான்தான் சொன்னேனே."

"நீ சொன்னதாலதான்."

அவனுக்குப் புரியவில்லை. அவளும் விளக்கவில்லை. உண்மையை எழுதியது நேர்மையினாலா என்று பிறகு பல நாள் தன்னையே கேட்டுக்கொண்டாள். நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எதிரே உட்கார்ந்து சலுகை காட்டியது கானராக இல்லாமல் ஸ்டூவர்ட்டாக இருந்திருந்தால், ஐம்பத்திரண்டு என்று எழுதியிருப்பாள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

சார்ஜென்ட் நேலர் மறுநாள் காலையில் கூப்பிட்டாள். பெவ்வைவிட ஏழு வயது இளையவள், நேராகப் பேசுபவள். குறிப்பேடு மேசையில் திறந்திருந்தது.

"பதினாலு நிமிஷம் பெவ். என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"தேநீர் குடிச்சேன்."

"பெவ்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுத்தார்கள். பெவ் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"மூணு மணிவரைக்கும் கானர் பணியில இருந்தான் சார்ஜென்ட். கூப்பிட்டா அவன் வருவான். அவன் வரக்கூடாதுன்னு நினைச்சேன்."

நேலர் எதையோ எழுதப் போய் நிறுத்தினாள். "அவன் உங்களை ஏதாவது பண்ணினானா? தப்பா ஏதாவது பேசினானா?"

"இல்ல. ஒண்ணும் பண்ணல. நல்ல பையன்." அந்தக் கடைசி இரண்டு வார்த்தை அவள் வாயில் கசந்தது. "பொறாமை. வேற ஒண்ணுமில்ல. நான் இவ்வளவு வருஷமா நடந்த தெரு. ஒரே ஒரு தடவை என் பேர்ல வரணும்னு நினைச்சேன்."

இதைச் சத்தமாகச் சொன்னால் நெஞ்சு லேசாகும் என்று அவள் எண்ணியிருந்தாள். ஆகவில்லை. நேலரின் முகத்தில் தெரிந்தது இரக்கமா, வியப்பா, என்ன எழுதுவது என்ற குழப்பமா என்றும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இதை நான் அப்படியே எழுதணுமா?" என்று நேலர் கேட்டாள்.

"கேட்டீங்க, சொன்னேன். எழுதறது உங்க வேலை."

"சரி. அட்டையைக் குடுங்க. மறுபடியும் பயிற்சிக்குப் போகணும், அடுத்தது ஜூன்லதான் இருக்கு. அதுவரைக்கும் பழைய அட்டை, பழைய வேலை."

பெவ் கழுத்துப் பட்டையிலிருந்து அட்டையை அவிழ்த்தாள். கொக்கி பிடித்துக்கொண்டது. நகத்தால் நெம்பி எடுத்து மேசையில் வைத்தாள்.

"வழக்கு நிக்குமா?"

"நிக்கும். காலுறை அவன் பையில இருந்துச்சு, வீட்டுல இன்னும் பதினொரு பொட்டலம். உங்க பதினாலு நிமிஷத்தைப் பத்தி அவன் வக்கீல் கத்துவாரு. கத்தட்டும்."

பெவ் எழுந்தாள். கதவுவரை போனாள். கேட்காமல் போய்விடலாம் என்று நினைத்தாள், கைப்பிடியில் கை வைத்தும் நினைத்தாள்.

"கைது யார் பேர்ல பதிவாகியிருக்கு சார்ஜென்ட்?"

நேலர் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"கானர் பேர்ல. வேற யார் பேர்ல இருக்கும்?"

"ஆமா," என்றாள் பெவ். "வேற யார் பேர்ல." கதவைச் சாத்திக்கொண்டு தன் பதினாறு தெருக்களுக்குப் போனாள்.